தெளிய விடாத தண்ணீர்

எங்கள் தெருவில் தண்ணீர் முதன்முதலாக வாய் திறந்தபோது அது கேட்டது ஒரு வடை. "இந்த இலைக்கு வடை வரலைப்பா, பொண்ணு வீட்டுக்காரங்கதானேன்னு விட்டுட்டீகளா" என்று எங்கள் வீட்டின் பின்பக்கம், துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் இருந்த நீல பிளாஸ்டிக் வாளிக்குள்ளிருந்து ஓர் ஆண்குரல் கேட்டது. என் அம்மா கிருஷ்ணம்மாள் அடுப்படியிலிருந்து தலையை நீட்டி, "இன்னைக்கு நம்ம வீட்ல வடை போடலியே, யாரு அது" என்று சொல்லிக்கொண்டே வந்து, வாளியை எட்டிப் பார்த்து, ஆம்பிளைக் குரல் என்பதால் சேலையை இழுத்துச் சரிசெய்துகொண்டு திரும்ப உள்ளே போய்விட்டாள்.

அந்த வாளித் தண்ணீர் எப்படி வந்தது என்பதை நானே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் தெருவில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள், அதில் பாதி பொய், மீதி என்னைப் பற்றிய வம்பு. நான் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் முதுகலை படிக்கிறேன். அப்பா வருஷத்தில் பத்து மாதம் லாரியோடு வடக்கே இருப்பார். அவருடைய கூட்டாளியின் டீசல் பம்ப் பட்டறையில், எஞ்சினுக்குள் டீசலைத் தெளிக்கிற இன்ஜெக்டர்களைப் போட்டு அழுக்கெடுக்கிற அல்ட்ராசோனிக் தொட்டி ஒன்று பழசாகிக் கிடந்தது. அதை வாங்கிவந்து, பழைய எண்ணெய் நாற்றம் போக மூன்று நாள் கழுவி, அதன் மேலே குறுக்காக ஒரு கம்பி வைத்து, கம்பியைச் சுழற்ற கோழி கிரில் போடுகிற கடையிலிருந்து ஒரு மெதுவான மோட்டாரும் மாட்டினேன். அந்தக் கம்பியில் நான்கு இசைத்தட்டுகளைக் கோத்து, நடுவில் ஒட்டியிருக்கிற காகிதம் நனையாமல் இரண்டு பக்கமும் டப்பா மூடியும் ரப்பர் வளையமும் வைத்து இறுக்கி, பேட்டரிக்கு ஊற்றுகிற சுத்தமான தண்ணீரில் சோப்புத் திரவம் நாலு சொட்டு விட்டு சுவிட்சைப் போட்டால், தட்டுகள் கோழி மாதிரி நிதானமாகச் சுற்றும், மனிதக் காதுக்கு எட்டாத சத்தம் ஒன்று தண்ணீரைப் பிடித்து உலுக்கும், கோடிக்கணக்கான குமிழிகள் பிறந்து பிறந்து வெடித்து, துணியும் பிரஷும் போகாத பள்ளங்களுக்குள் போய், இத்தனை வருஷத்து அழுக்கை வெளியே இழுத்துப் போடும். சூடு மட்டும் ஏறக் கூடாது, ஏறினால் தட்டு வளைந்துவிடும். பத்து நிமிஷம். அவ்வளவுதான்.

தட்டுகள் என் அக்காவின் மாமனாருடையவை. அக்கா தங்கமாரியை எதிர்வரிசையில் நாலாவது வீட்டில் கட்டிக்கொடுத்திருந்தோம். அந்த வீட்டு அய்யாத்துரை ஒரு காலத்தில் எங்கள் ஊரில் சவுண்ட் சர்வீஸ் வைத்திருந்தவர்; கல்யாணம், சடங்கு, காதுகுத்து, கோவில் பொங்கல் எதுவானாலும் அவருடைய குழாய் ஒலிபெருக்கிதான் மின்கம்பத்தில் ஏறும், அவருடைய ரெக்கார்டுதான் பாடும். அவருடைய மனைவி வேலுத்தாய், பல வருஷங்களுக்கு முன் கிணற்றில் வழுக்கி விழுந்து இறந்துபோனவர். ஒரே மகன் ஜெயக்கொடி, அக்காவின் கணவர். பழைய ரெக்கார்டுகளுக்கு இப்போது மதுரையில் கிராக்கி என்று யாரோ சொல்ல, கழுவித் தரும்படி என்னிடம் அனுப்பிவைத்தது ஜெயக்கொடிதான். அக்கா இடுப்பில் இரண்டு வயது இனியாவையும் கையில் கட்டைப்பையையும் வைத்துக்கொண்டு வந்து நிற்பாள். "இந்தப் பக்கம் வந்து பேசுடி" என்பாள். ஒரு வருஷமாக அவளுக்கு வலது காது கேட்பதில்லை. சீழ் வைத்துவிட்டது என்று அவள் சொன்னாள், சீழ்தான் என்று அம்மா சொன்னாள், சொட்டு மருந்து எழுதிக்கொடுத்த டாக்டரம்மா ஒன்றும் சொல்லாமல் அக்காவின் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாராம்.

தட்டைக் கழுவினால் பாட்டு தட்டிலேயே இருந்துவிடும். முன்னைவிடச் சுத்தமாக, பொரிகிற சத்தம் இல்லாமல் பாடும். தண்ணீரில் வருவது பாட்டு அல்ல. பாட்டு ஓடிக்கொண்டிருந்தபோது தட்டுக்குப் பக்கத்தில் யார் என்ன பேசினார்களோ அது. தண்ணீர் கலங்கலாக இருக்கிறவரை பேசும்; தெளிந்து அழுக்கு அடியில் படிந்துவிட்டால் அடங்கிவிடும்; கையை விட்டுக் கலக்கினால் முதலிலிருந்து தொடங்கும்.

பத்து நாளைக்கு ஒருமுறை குழாயில் தண்ணீர் வருகிற ஊர் எங்கள் ஊர். ஆகவே தெருவின் முதல் ஆட்சேபணை தண்ணீர் பேசுகிறது என்பதல்ல, கடையில் வாங்கியதே ஆனாலும் ஆறு லிட்டர் தண்ணீரை ரெக்கார்டு கழுவ வீணாக்குகிறாள் என்பதுதான். எதிர்வீட்டு மரகதம் அக்கா அதைக் கேட்கத்தான் வந்தாள். வந்தவள் வாளிக்குப் பக்கத்தில் நின்று சண்டைக்கு முந்தானையைச் செருகிக்கொண்டிருந்தபோது, ஏதோ ஒரு சடங்கு வீட்டு ரெக்கார்டின் தண்ணீரிலிருந்து, செத்து ஒன்பது வருஷமான அவளுடைய வீட்டுக்காரர் இருமினார். மூன்று இருமல், ஒரு செருமல், "பந்தல்காரனை எங்கடா" என்று ஒரு கேள்வி. மரகதம் அக்கா அழவில்லை. போய் இரண்டு லிட்டர் கலர் பாட்டில் ஒன்றைக் கொண்டுவந்து, "இதுல ஊத்திக் கொடு செம்பா" என்றாள். என் பெயர் செண்பகவல்லி, தெருவுக்குச் செம்பா. அன்றிலிருந்து தினமும் நாலு மணிக்கு டீ போட்டு வைத்துவிட்டு அவள் அந்தப் பாட்டிலைக் குலுக்குவாள், அவர் இருமுவார், "சிகரெட்ட விட்டாத்தான" என்று அவள் திட்டுவாள், பிறகு டீயைக் குடிப்பாள்.

அதற்குப் பிறகு எங்கள் பின்வாசலில் வரிசை நின்றது, சிலர் தங்கள் வீட்டுப் பழைய ரெக்கார்டுகளையும் தூக்கிக்கொண்டு வந்தார்கள். தம்பி பட்டாளத்துக்குப் போகும் முன் சிரித்த சிரிப்பைக் கேட்டு ஒருத்தி வந்தாள். தன் கல்யாணத்தில் மாமியார் நிஜமாகவே "கருப்பா இருந்தாலும் களையா இருக்கா" என்று சொன்னாளா, அல்லது முதல் பாதியை மட்டும் சொன்னாளா என்று தெரிந்துகொள்ள ஒருத்தி வந்து, முதல் பாதிதான் என்று தெரிந்து, அந்தச் சந்தோஷத்தோடு வீட்டுக்குப் போய்ச் சண்டை போட்டாள். குடிதண்ணீரோடு கலந்துவிடாமல் இருக்க பேசும் தண்ணீர்ப் பாட்டில்களுக்குச் சிவப்பு நூல் கட்டுவது வழக்கமானது. ஒருநாள் நான் மீதித் தண்ணீரைச் சாக்கடையில் ஊற்ற, அது ஒவ்வொரு வீட்டு வாசலாகப் பேசிக்கொண்டே ஓடி, தெருமுனை போவதற்குள் ஒரு நிச்சயதார்த்தம் நின்றுபோனது. தபால் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற சுந்தரராஜ் சார், தெரு நலச் சங்கத்தின் செயலாளர், உடனே கூட்டம் போட்டு, பேசும் தண்ணீரைத் திறந்த சாக்கடையில் விடக் கூடாது என்று தீர்மானம் எழுதி, எல்லாரிடமும் கையெழுத்து வாங்கினார். அவ்வளவு சீக்கிரம் பழகிக்கொண்டோம். கொசுவுக்கு மருந்தடிப்பது, தெருவிளக்குக்கு மனு கொடுப்பது, அந்த வரிசையில் இதுவும் ஒன்று.

பயம் மெதுவாகத்தான் வந்தது. எந்த நாளில் என்று என்னால் சொல்ல முடியும்: பதினேழாவது வாளி. ஒரு காதுகுத்து வீட்டில் வாழைப்பழத் தாரைப் பற்றி யாரோ பேசிக்கொண்டிருக்க, அந்தப் பேச்சுக்குப் பின்னால், தூரத்தில், சுவருக்கு அந்தப் பக்கம், ஒரு பெண் "வேண்டாம்" என்றாள். ஒரே ஒரு தரம். உடனே பக்கத்தில் இருந்த யாரோ, "அய்யாத்துரை, பாட்டைக் கொஞ்சம் கூட்டி வைப்பா" என்றார்கள், நல்ல குரலில், விருந்தாளிக்கு நாற்காலி போடச் சொல்கிற மாதிரி. அதன் பிறகு நான் முந்தைய தண்ணீரையெல்லாம் திரும்பக் கலக்கிக் கலக்கிக் கேட்டேன், ஏறக்குறைய ஒவ்வொன்றிலும் அந்த வார்த்தை இருந்தது, கூட்டி வை, கூட்டி வைங்க, இன்னுங் கொஞ்சம் கூட்டு, ஒவ்வொரு முறையும் அதற்கு ஒரு நொடி முன்னால் எங்கேயோ ஏதோ விழுந்து உருண்டது, அல்லது யாரோ மூச்சை உள்ளே இழுத்தார்கள், அல்லது ஒரு பிள்ளை அம்மாவைக் கூப்பிட்டது.

இது எங்கள் தெருவின் வழக்கம். எங்களுக்கெல்லாம் அது தெரியும், ஆனால் ஒரு வழக்கம் என்று தெரியாது. ஒரு வீட்டுச் சண்டை வெளியே கேட்டால், பக்கத்து வீட்டார் தங்கள் ரேடியோவைக் கூட்டி வைப்பார்கள், பிறகு டிவியை, இப்போது ப்ளூடூத் பெட்டியை. அடுத்தவர் மானம் தெருவுக்கு வரக் கூடாது என்று செய்கிற மரியாதை. நானும் செய்திருக்கிறேன். பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தபோது எழுந்துபோய் டிவியைக் கூட்டி வைத்துவிட்டு வந்து மறுபடி படித்திருக்கிறேன். நல்ல மார்க்கும் வாங்கினேன்.

இது தெருவுக்கு விளங்கிய வாரத்தில் வரிசை நின்றுபோனது. பீரோ மேலே கிடந்த ரெக்கார்டுகள் உள்ளே போயின, சாக்குக்குள் போயின, ஒரு வீட்டில் வெந்நீர் அடுப்புக்குள் போயின. ஆண்கள் என்னைக் கண்டால் குரலைத் தாழ்த்தினார்கள். "இப்ப என்னத்துக்குத்தா இதெல்லாம்" என்று சுந்தரராஜ் சார் கேட்டார். "தண்ணியத் தெளிய விடு. அடியில கெடக்குறது அடியிலயே கெடக்கட்டும்."

"அடியில கெடக்குறது ஆளு சார்" என்றேன்.

"நீ காலேஜ்ல பேசுற மாதிரி இங்க பேசாத."

"காலேஜ்ல பேசுனா கைதட்டுறாக. இங்க பேசத்தான் வேண்டியிருக்கு."

அவர் வீட்டு ரெக்கார்டுகள் எந்த அடுப்புக்குள் போயின என்று எனக்குத் தெரியும்.

அந்த நாட்களில்தான் அக்கா சொன்னாள், மாமனார் ஒரு ரெக்கார்டை மட்டும் கொடுக்கவில்லை என்று. எல்லா உறைகளிலும் முத்திரை குத்தி, எந்த வீட்டு விசேஷம், எந்தத் தேதி என்று பென்சிலில் எழுதி வைத்திருக்கிறவர், அந்த ஒன்றின் உறையில் மட்டும் எதுவும் எழுதாமல், சணல் கயிற்றால் குறுக்கும் நெடுக்கும் கட்டி, பெட்டியின் அடியில் வைத்திருக்கிறார். "அது கீறல் விழுந்தது. அதைத் தொடாத" என்று முதல் நாளே சொன்னாராம். வீட்டைப் பெருக்கும்போது, சாம்பிராணி போடும்போது, மாத்திரை எடுத்துக் கொடுக்கும்போதெல்லாம், அவளாகக் கேட்காமலே, "அதைத் தொடலியே" என்பாராம்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு, மாமனார் பிரஷர் பார்க்கப் போன நேரத்தில், இனியாவைத் தொட்டிலில் தூங்கப் போட்டுவிட்டு, அக்கா அந்த ரெக்கார்டைத் துண்டுக்குள் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தாள். தட்டில் கீறலே இல்லை. தூசிதான் இருந்தது, இருபத்தேழு வருஷத் தூசி, ஊதினாலும் போகாமல் தோல் மாதிரி ஒட்டிய தூசி.

"வேண்டாம்டி, கொண்டுபோய் வச்சிரு" என்றாள் அம்மா.

"எதுக்கும்மா பயப்படுற?" என்று கேட்டேன்.

"பயமெல்லாம் இல்ல" என்று சொன்ன அம்மா, அடுப்பை அணைத்துவிட்டு வந்து, எங்களோடு நின்றாள்.

தட்டைக் கம்பியில் கோத்தேன். பத்து நிமிஷம் அது ஒற்றையாகச் சுற்றியது. தண்ணீர் டீ நிறத்துக்கு வந்தது, பிறகு அதைவிடக் கறுத்தது. தட்டை எடுத்துப் பாத்திரம் கவிழ்க்கிற ஸ்டாண்டில் காயவைத்தபோது அது எண்ணெய் பூசிய மாதிரி மின்னியது. அது எவ்வளவு பெரிய தப்பு என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை, நன்றாக வந்திருக்கிறது என்று சந்தோஷம்கூடப் பட்டேன். தண்ணீரை வாளியில் ஊற்றினேன்.

முதலில் தெருக்கூட்டம், கோவில் கொட்டு, பொங்கல் பானைக்கு யாரோ விறகு கேட்கிற சத்தம். அம்மன் கோவில் பொங்கல் நாள். பிறகு எல்லாம் ஒதுங்கி, பக்கத்தில், மிகப் பக்கத்தில், அய்யாத்துரையின் குரல், அவசரமே இல்லாமல்: "சத்தம் போடாத. போட்டாலும் யாருக்கும் கேக்காது."

ஒரு பெண்: "ஏங்க, மூச்சு முட்டுது. கைய எடுங்க. பிள்ள பாக்குறான்."

"பாக்க மாட்டான். ஏய் ஜெயா, அந்தக் குமிழப் பிடிச்சிக்கிட்டு நில்லு. அப்பா சொன்னாத் திருப்பிப் பாட்டக் கூட்டணும்."

பிறகு கால்கள் தரையில் உரசுகிற சத்தம். ஒரு பாத்திரம். எங்கேயோ ஒரு கைக்குழந்தை வீறிட்டு அழ ஆரம்பித்தது, அழுகை நெருங்கி நெருங்கி ஜன்னலுக்கே வந்துவிட்டது, கூடவே ஒரு பெண்குரல், இளசான குரல், மூச்சு வாங்குகிற குரல், நான் தினமும் கேட்கிற குரல்:

"அண்ணாச்சி, பிள்ள பயந்து அழுகா. பாட்டக் கொஞ்சம் கூட்டி வைங்க."

"சரி தங்கச்சி" என்றார் அய்யாத்துரை.

அதற்குப் பிறகு வாளியில் தண்ணீர் மட்டும் இருந்தது.

அக்கா தன் நல்ல காதை வாளிப் பக்கம் சாய்த்தபடியே குனிந்து நின்றாள். அழுத குழந்தை அவள்தான். அம்மா துவைக்கிற கல்லில் உட்கார்ந்துவிட்டாள்.

"சண்டைன்னு நெனச்சேன்" என்றாள் அம்மா. "புருஷன் பொண்டாட்டி சண்டை. எல்லா வீட்லயும் நடக்குறதுதான. மறுநாள் கெணத்துல கெடந்தா. வழுக்கிட்டான்னு சொன்னாக. எல்லாரும் சொன்னாக."

"பக்கத்து வீட்ல தீப்பிடிச்சா ஜன்னலச் சாத்துவியாம்மா?"

"சாத்துனேன்லா" என்றாள் அம்மா. "அதைத்தான இப்ப கேட்ட."

என்னால் விட முடியவில்லை. என் குணம் அது. "சரி, அதுகூடப் போகட்டும். அதுக்கப்புறம் அதே வீட்ல பொண்ணு கொடுத்திருக்கியே, எந்த தைரியத்துல?"

"தெரிஞ்ச வீடுன்னு கொடுத்தேன்" என்றாள். இதைவிட மோசமான ஒரு வாக்கியத்தை நான் எந்த மேடையிலும் கேட்டதில்லை.

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அவரும் இப்படித்தான்" என்றாள். "அடிக்கிறதுக்கு முந்தி எந்திரிச்சிப் போயி பாட்டக் கூட்டி வைப்பாரு. கோவம்னா அப்படியே அடிக்கணும்லா? அவரு மொதல்ல பாட்டு தேடுவாரு. அப்படி ஒரு பாட்டு ஓடுறப்பதான் இந்தக் காதுல அடி விழுந்துச்சு."

இங்கேயே இருந்துவிடு என்று நான் சொன்னேன், அம்மா சொன்னாள், கதவைக்கூடச் சாத்தினோம். "எம் பிள்ள அங்க தொட்டில்ல தூங்குது" என்றாள் அக்கா. "இத எடத்துல வைக்காட்டிப் பெரியவரு கண்டுபிடிச்சிருவாரு. வச்சிட்டு, அவுக ரெண்டு பேரும் சாய்ங்காலம் மார்க்கெட்டுக்குப் போனதும் பிள்ளையத் தூக்கிட்டு வந்துருதேன்."

கயிற்றை அதே இடத்தில், அதே முடிச்சில் கட்ட அவளால் முடிந்தது. தூசியைத் திரும்பப் போடத்தான் எங்கள் மூன்று பேராலும் முடியவில்லை. கோதுமை மாவைத் தூவிப் பார்த்தேன். கோலம் மாதிரி இருந்தது. அடுப்புச் சாம்பலைத் தேய்த்துப் பார்த்தேன். வழுவழுப்பில் நிற்காமல் உதிர்ந்தது. அவ்வளவு சுத்தமாகக் கழுவியிருந்தேன். அழுக்கான தட்டு பெட்டியின் அடியில் யாரையும் காட்டிக்கொடுக்காமல் இருபத்தேழு வருஷம் கிடந்தது. நான் சுத்தமாக்கிய தட்டு உறைக்குள் பளபளத்துக்கொண்டு அக்காவோடு அந்த வீட்டுக்குள் போனது.

அவள் போன பிறகு அம்மா அந்த வாளியைத் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கினாள். கையில் ஒரு எவர்சில்வர் டம்ளர். வீடு வீடாக நின்று, எதுவும் சொல்லாமல், தண்ணீரைக் கலக்கி, அது பேசி முடிக்கிறவரை நின்றாள். தன்னுடைய குரல் வருகிற இடத்தில் மட்டும் கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு டம்ளரில் மொண்டு நீட்டினாள். மரகதம் அக்கா தன் வீட்டுக்காரர் பாட்டிலுக்குப் பக்கத்தில் இன்னொரு பாட்டில் வைத்து வாங்கிக்கொண்டாள். பலர் கதவைச் சாத்தினார்கள். சுந்தரராஜ் சார் வீட்டில், சாருடைய மனைவி, பேசியே நான் பார்த்திராதவர், சார் உள்ளே கூப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே ஜன்னல் வழியாகக் கையை நீட்டி ஒரு சொம்பில் வாங்கினார். ஒன்பது வீடுகள். அம்மாவுக்குப் பின்னால் எண்ணிக்கொண்டுதான் வந்தேன், ஏனென்றால் எண்ணாவிட்டால் வேறு எதையாவது நினைத்திருப்பேன்.

நாலு மணி. மரகதம் அக்கா வீட்டில் டீ கொதிக்கிற வாசனை வந்துகொண்டிருந்தபோது, எதிர்வரிசை நாலாவது வீட்டிலிருந்து பாட்டு கேட்டது. மார்க்கெட்டுக்குப் போயிருக்க வேண்டிய நேரம். இனிமையான பாட்டு, ஆணும் பெண்ணும் மாறி மாறிப் பாடுவது, பொரிகிற சத்தம் ஒன்றுகூட இல்லாமல், நேற்றுப் பதிவுசெய்தது போல, அவ்வளவு தெளிவாக. அந்த வீட்டில் அப்படிப் பாடக்கூடிய தட்டுகளையெல்லாம் கழுவியவள் நான், எல்லாவற்றையும் போட்டுக் கேட்டுப் பார்த்திருக்கிறேன், இந்தப் பாட்டை மட்டும் நான் கேட்டதில்லை. உடனே புரிந்தது. அய்யாத்துரை கயிற்றை அவிழ்த்திருக்கிறார். பார்த்திருக்கிறார்.

பாட்டு கூடியது. இன்னும் கூடியது. பழைய ஒலிபெருக்கிக் குழாயையே மாட்டிவிட்டார்கள் போல, ஜன்னல் கம்பிகள் அதிர்ந்தன. எங்கள் தெரு தனக்குத் தெரிந்ததைச் செய்தது: ஒரு வீட்டில் டிவி கூடியது, இன்னொரு வீட்டில் ப்ளூடூத் பெட்டி கூடியது, ஒரு வீட்டில் மிக்ஸியைப் போட்டார்கள். நான் வாசலில் நின்றேன். ஓட வேண்டும் என்று தெரிகிறது, கால் வரவில்லை. எல்லாவற்றையும் எதிர்த்துப் பேசுகிற எனக்கு அந்த நேரத்தில் ஒரு வார்த்தை வரவில்லை. உள்ளே அம்மா எழுந்தாள். டிவி ரிமோட்டைக் கையில் எடுத்தாள். பழகிய கை அது, அதுவாக எடுத்தது. ரிமோட்டைப் பார்த்தாள். அதைக் கீழே வைக்காமல், கையில் பிடித்தபடியே, செருப்புப் போடாமல், என்னைத் தாண்டித் தெருவில் இறங்கி நடந்தாள்.

அய்யாத்துரை வீட்டின் வெளிச்சுவரில் கரண்டு மீட்டர் பெட்டி இருக்கிறது. அம்மா அதன் மூடியைத் திறந்து ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கினாள்.

பாட்டு ஒரு நொடி இழுத்துக் கனத்து, ஆண்குரலும் பெண்குரலும் ஒரே குரலாகி, நின்றது. எங்கள் தெருவில் அப்படியொரு அமைதியை நான் கேட்டதில்லை. மற்ற வீட்டுச் சத்தங்களும் ஒவ்வொன்றாக அணைந்தன. மறைக்க எதுவும் இல்லாத இடத்தில் தங்கள் சத்தம் மட்டும் தனியாக நிற்பது அவர்களுக்கே கூச்சமாக இருந்திருக்கும். அந்த அமைதிக்குள் கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து, நெரிபட்ட தொண்டையிலிருந்து வருகிற மாதிரி, என் அக்காவின் குரல் கேட்டது:

"வெளிய யாராச்சும் இருக்கீகளா?"

"இருக்கோம்" என்றாள் அம்மா.

கதவைத் திறந்தது அய்யாத்துரை. சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டே, சாதாரணமாக, "என்ன தங்கச்சி, கரண்டு போயிருச்சா?" என்று கேட்டார்.

அக்காவைக் கட்டிக்கொடுத்த நாளிலிருந்து அம்மா அவரைச் சம்பந்தி என்றுதான் கூப்பிடுவாள். அன்று பழையபடி கூப்பிட்டாள். "கரண்டு போகல அண்ணாச்சி. நாந்தான் பிடுங்குனேன்."

முதலில் பாட்டிலைக் குலுக்கியது மரகதம் அக்கா என்று நினைக்கிறேன். பிறகு சுந்தரராஜ் சார் மனைவி சொம்புக்குள் கரண்டியை விட்டுக் கலக்கினார். ஒன்பது வாசல்களிலிருந்து, முன்னும் பின்னுமாக, ஒன்று முடிக்குமுன் இன்னொன்று தொடங்க, வேலுத்தாய் மூச்சு முட்டுகிறது என்றார், கையை எடுக்கச் சொன்னார், குழந்தை அழுதது, என் அம்மா பாட்டைக் கூட்டி வைக்கச் சொன்னாள், ஒன்பது அய்யாத்துரைகள் ஒன்பது தரம் "சரி தங்கச்சி" என்றார்கள். அவர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். அவருக்குப் பின்னால் நின்ற ஜெயக்கொடி பொத்திக்கொள்ளவில்லை. "அந்தக் குமிழப் பிடிச்சிக்கிட்டு நில்லு" என்ற இடம் வரும்போதெல்லாம் அவருடைய வலது கை தானாக உயர்ந்து காற்றில் எதையோ திருப்பியது. அவருக்குப் பக்கவாட்டில் நுழைந்து அக்கா வெளியே வந்தாள், இனியாவைத் தோளில் போட்டுக்கொண்டு, கழுத்தில் ஐந்து விரல் தெரிய, அவசரப்படாமல், ஓடினால் யாராவது பிடித்துவிடுவார்கள் என்பது போல மெதுவாக.

அதன் பிறகு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல ஆசைதான். கலங்கிய தண்ணீர் சாட்சி சொல்ல முடியாது என்று வக்கீல் சொன்னார். ஏன் முடியாது என்று அவரோடு ஒன்றரை மணி நேரம் வாதாடினேன். கழுத்தில் இருந்த விரல்களுக்குத்தான் வழக்கு நடக்கிறது, வேலுத்தாய்க்கு இல்லை. அய்யாத்துரை இன்னும் அதே தெருவில் பால் வாங்கப் போகிறார். எதிரே வரும்போது நான் தெருவின் மறுபக்கம் போய்விடுகிறேன், அதையும் மறைக்க விரும்பவில்லை. தொட்டியை நான் பட்டறைக்குத் திருப்பிக் கொடுக்கவில்லை. வழக்கம் மட்டும் மாறியிருக்கிறது. எங்கள் தெருவில் இப்போது எந்த வீட்டில் பாட்டு கூடினாலும் நான்கைந்து பெண்கள் எழுந்துவந்து அந்த வீட்டு வாசலில் நிற்கிறார்கள், எதுவும் பேசுவதில்லை, மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் நிற்கிறார்கள், பாட்டு குறைகிறவரை நிற்கிறார்கள். நிஜமாகவே பாட்டுக் கேட்க ஆசைப்பட்டுக் கூட்டி வைத்தவர்கள்கூட வெளியே வந்து, முகத்தைக் காட்டி, கையைக் காட்டி, "ஒண்ணுமில்லக்கா, பாட்டுதான்" என்று சொல்லிவிட்டுப் போக வேண்டியிருக்கிறது. சுந்தரராஜ் சார் இது தனிமனித சுதந்திரத்துக்கு எதிரானது என்கிறார். அவர் வாசலில் இரண்டு தரம் நின்றாகிவிட்டது.

எங்கள் வீட்டில் பத்தாவது பாட்டில் இருக்கிறது, டிவிக்கு மேலே, சிவப்பு நூல் கட்டி. அக்கா அதைத் தொடுவதில்லை. அம்மா மட்டும் தினமும் காலையில், இரவு முழுக்கத் தெளிந்து அடங்கிப்போன அந்தத் தண்ணீரை எடுத்துக் குலுக்கி, நின்றபடியே தன் குரல் வருகிறவரை கேட்டு, கூட்டி வைங்க என்று தான் சொல்வதைக் கேட்டு, பாட்டிலைத் திரும்ப வைத்துவிட்டு, பேத்திக்குப் பால் காய்ச்சப் போகிறாள்.